ட்ரெபிள் பத்தவில்லை

எனக்குக் கோபம் வந்தால் புத்திக்கு முன்னால் வாய் ஓடிவிடும். அந்த வாயால் ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கிறேன். ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் மேடை, கைதட்டல், கல்யாண வீட்டுச் சாப்பாடு என்று வாய் கிழியப் பேசுவேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொல்லாமலே வயதாகிக்கொண்டு போகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். நானும் மனைவியும் மட்டும். பகலில் தி. நகரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சாயங்காலம் கல்யாண ரிசப்ஷன்களில் லீட் கிட்டார். டைப் அடித்தது அரிசி பருப்புக்காக. நான் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றியது கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்கும் அந்த மூன்று மணி நேரத்தில்தான். மற்ற நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிடக்கூட மாட்டார்கள்.

எங்கள் ட்ரூப்பை நடத்தியவர் பேங்க் உத்தியோகத்தில் இருந்த ஒரு பாடகர். எல்லாருக்கும் அவர் அண்ணா. மைக், ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் வண்டியில் கொண்டுவந்து கட்டி, மேடைக்குக் கீழே மிக்ஸரில் உட்கார்ந்து, பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தவர் சைதாப்பேட்டைக்காரர். அவரை நாங்கள் மைக் செட் அண்ணே என்போம். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். நான் வாசித்த கிட்டார் ஆம்ப்கூட அவர் கையால் செய்து ட்ரூப்புக்குக் கொடுத்ததுதான். பழைய மரப்பெட்டி, அதில் ஒரு பெரிய ஸ்பீக்கர், முன்னால் வால்யூம், பேஸ், ட்ரெபிள் என்று மூன்று திருகு. அன்றைக்கு மெட்ராஸில் வெளிநாட்டு ஆம்ப் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிச்சம் பேர் இந்த மாதிரிப் பெட்டிகளில்தான் வாசித்தோம், தினமும் அதைத் திட்டிக்கொண்டே.

ட்ரூப்புக்குப் புதிதாக ஒரு கீபோர்டு வந்தது. வயலின், ஃபுளூட், வீணை, எல்லாச் சத்தமும் அதில் வந்தது. ஒரு நாள் ரிகர்சலில் கீபோர்டு வாசிப்பவர் சும்மா ஒரு பட்டனைத் தட்டி, பாட்டுக்கு நடுவே நான் வாசிக்கும் பிட் ஒன்றை கிட்டார் சத்தத்திலேயே வாசித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணா சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இத பாருடா, இப்பல்லாம் கேசட்ல கேக்கற மாதிரியே மேடைலயும் கேக்கணும்னு ஜனங்க எதிர்பார்த்துண்டு வரா. உன் கிட்டார் மொட்டையா இருக்கு. ஏதாவது எஃபெக்ட்ஸ் வாங்கி வெச்சுக்கோ. இல்லேன்னா உன் பிட்டெல்லாம் கீபோர்டுக்குப் போயிடும். அப்பறம் எங்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கிக்காதே."

என் நெஞ்சில் அன்றைக்கு விழுந்த அடி இன்னும் நினைவிருக்கிறது. கிட்டார் பிட் போய்விட்டால் நான் யார்? தி. நகர் டைப்பிஸ்ட். அவ்வளவுதானே.

எஃபெக்ட்ஸ் பெடல் என்றால் காலால் மிதித்து இயக்குகிற சின்ன இரும்பு டப்பா. கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டினால் சத்தத்தின் குணத்தையே மாற்றிவிடும். அன்றைக்கு மவுண்ட் ரோடு பக்கம் வாத்தியக் கடைகளில் கண்ணாடிக்குள் ஒன்றோ இரண்டோ இருக்கும், தொட்டுப் பார்க்க விடமாட்டார்கள். வாசித்துப் பார்த்து வாங்குவது என்பதெல்லாம் நடக்காத காரியம். லஸ் முனை நடைபாதைக் கடையில் வெளிநாட்டு கிட்டார் பத்திரிகைகள் பழசாகக் கிடைக்கும். அட்டை இருக்காது, பாதிப் பக்கம் இருக்காது. அதில் வந்த விளம்பரங்களைக் கிழித்துச் சேர்த்து, ஒவ்வொரு டப்பாவின் சத்தமும் எப்படி இருக்கும் என்று அவர்கள் எழுதியதை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு படிப்பேன். கதகதப்பான சத்தம் என்று எழுதியிருப்பான். சத்தத்தில் என்ன கதகதப்பு, இட்லியா அது?

டிஸ்டார்ஷனா, கோரஸா, எக்கோவா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். அண்ணா சொன்னது, ஒரு கிட்டாரை நாலைந்தாகக் கேட்கவைக்கிற கோரஸ் மாதிரி ஏதாவது வேண்டும் என்றுதான், இப்போது யோசித்தால் தெளிவாகப் புரிகிறது. ஆனால் எனக்கு வேறு ஒரு குறை பெரிதாகத் தெரிந்தது. ஒன்றிரண்டு வருடமாகவே அந்த ஆம்ப் மந்தமாகிக்கொண்டு வந்தது. கம்பியைத் தட்டினால் முன்பெல்லாம் 'ட்டிங்' என்று கண்ணாடி மாதிரி ஒரு முனை வரும். அந்த முனை போய்விட்டது. கம்பளியைப் போர்த்திவிட்டு வாசித்த மாதிரி இருந்தது. உச்சிச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் திருகைக் கடைசிவரை திருப்பி வைத்தும் பத்தவில்லை.

"அண்ணே, உங்க பொட்டில உயிரே இல்லண்ணே. ஸ்பீக்கர மாத்துங்க" என்று மைக் செட்காரரிடம் நச்சரித்தேன்.

அவர் ஸ்பீக்கரை மாற்றினார். ஒயரை மாற்றினார். உள்ளே ஏதோ ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ஒரே ஒரு தடவை கொஞ்சம் பரவாயில்லை என்றேன், மற்றபடி உதட்டைத்தான் பிதுக்கினேன். "பார்க்கலாம் சார்" என்பார், வேறு பேச்சு கிடையாது. அந்த அமைதி எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திறமை இல்லாதவன் பேசாமல்தானே இருப்பான் என்று நினைத்தேன்.

கடைசியில் ஈக்வலைசர் பெடல்தான் என்று முடிவு செய்தேன். ஏழு குச்சிகள் வரிசையாக இருக்கும். இடது கோடியில் இருப்பது அடிச் சத்தம், வலது கோடியில் இருப்பது உச்சிச் சத்தம். எந்தக் குச்சியை மேலே தள்ளுகிறோமோ அது கூடும். அந்த வலது கோடிக் குச்சிக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

மனைவியின் தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். சங்கீதத்துக்கும் அவனுக்கும் வெகு தூரம். அவனுக்குக் கடிதம் எழுதி, விளம்பரத் துண்டை ஒட்டி, குச்சிகளைப் பேனாவால் வரைந்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "மாமா, கடைக்காரர் வயசான சீனர். எந்த ஆம்ப், என்ன குறை என்று கேட்கிறார். கேட்காமல் தரமாட்டாராம்" என்று எழுதியிருந்தான். நான் விவரமாக எழுதினேன். ட்ரெபிள் முழுக்க வைத்தும் பத்தவில்லை என்று அடிக்கோடு போட்டேன். அடுத்த கடிதத்தில் அந்தச் சீனர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தான்: 'ட்ரெபிள் முழுக்க வைத்தும் பத்தவில்லை என்றால் பெடல் வாங்காதே. வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீ எட்டப்போய் நின்று கேள். உன்கூட இன்னொரு ஆளையும் கேட்கச் சொல்.'

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஏசி கடைக்குள் நல்ல நல்ல ஆம்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு மெட்ராஸ் மைக் செட் பற்றி என்ன தெரியும்? எங்கள் ஊரில் எல்லா ஆம்பும் மந்தம்தான். இதில் போய் என்ன எட்ட நின்று கேட்பது? "அறிவுரை வேண்டாம், பொருள் வேண்டும் என்று சொல்" என்று மச்சினனுக்கு எழுதினேன். இதோ, எல்லாவற்றையும் கெடுத்த இடம் இதுதான். ஆம்ப் நல்ல ஆம்பாக இருந்திருந்தால் எனக்கு வேறு சந்தேகம் வந்திருக்கும். எல்லாப் பழியையும் போட மோசமான ஒரு பெட்டி கைவசம் இருந்ததால் வேறெங்கும் பார்க்கத் தோன்றவில்லை.

தை மாதம் மச்சினன் லீவில் வந்தான். சோப்பு, தைலம், பால்பவுடர் நடுவில், லுங்கியில் சுற்றி, அந்த டப்பா. அன்றைக்கே ஆம்ப் இருந்த ரிகர்சல் அறைக்கு ஓடினேன். வலது கோடிக் குச்சியையும் அதற்குப் பக்கத்தில் இருந்ததையும் மேலே தள்ளினேன். அந்த முனை திரும்ப வந்தது. போன பிள்ளை வீட்டுக்குத் திரும்பிவந்த மாதிரி இருந்தது எனக்கு. யாரும் இல்லாத அறையில் ஒரு மணி நேரம் தனியாக வாசித்தேன்.

அடுத்த முகூர்த்தம் தி. நகரில் ஒரு மண்டபம். சின்ன மேடை. பாடுகிறவர்கள் நடுவில் இடத்தை அடைத்துக்கொண்ட பிறகு எனக்குக் கிடைப்பது எப்போதும் ஓரம்தான். ஒரு பக்கம் ட்ரம்ஸ் தட்டு காதோரமாக, இன்னொரு பக்கம் ஆள் உயர ஸ்பீக்கர். ஏழெட்டு வருடமாக அந்த இடுக்குதான் என் இடம். இரண்டாவது பாட்டில் பெடலை மிதித்தேன். நன்றாகத்தான் வாசித்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் காதைப் பொத்தினார். ஒரு அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். பொண்ணு வீட்டுக்காரர் ஒருவர் மிக்ஸர் பக்கம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அடுத்த நிமிஷம் என் சத்தம் மறுபடி கம்பளிக்குள் போனது. கீழே பார்த்தேன். மைக் செட்காரரின் கை மிக்ஸரில் என் கிட்டாருக்கான திருகில் இருந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்தேன். பாட்டு முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி, மாப்பிள்ளை பொண்ணு உட்கார்ந்திருக்க, இருநூறு பேர் பார்க்க, அவரைக் கேட்டேன்.

"எவன் பெடல் வாங்கினா உனக்கென்னய்யா வயித்தெரிச்சல்? உன் ஓட்டைப் பொட்டி அசிங்கப்பட்டுடும்னு பயமா?"

அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அவர் திருகிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஜனங்க கேக்கறாங்க சார்" என்றார்.

மறுநாள் அண்ணாவிடம் அவரா நானா என்று கேட்டேன். முகூர்த்த சீசன் நடுவில் இருந்தது. இருநூறு பாட்டு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு கிட்டார்காரனுக்கு அண்ணா எங்கே போவார்? மைக் செட்டுக்கு வேறு ஆள் கிடைக்கும். அசோக் நகரிலிருந்து ஒருவரை வைத்துக்கொண்டார். நான் அதோடு விட்டேனா? டீக்கடையில், மற்ற ட்ரூப் ஆட்களிடம், வாத்தியக்காரன் முன்னுக்கு வந்தால் பொறுக்காமல் சத்தத்தைக் குறைக்கிற ஆள் அவர் என்று பரப்பினேன். அந்தப் பேச்சு நன்றாகவே பரவியது. அவரைக் கூப்பிடுவதை இன்னும் இரண்டு ட்ரூப் நிறுத்திக்கொண்டது என்று கேள்விப்பட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த வருடம் மழைக்குப் பிறகு ஒரு சாயங்காலம். மனைவி கொசுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். "இந்த வருஷம் கொசு கொறச்சல்தான், கடிக்குது, ஆனா சத்தத்தையே காணோம்" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க காதுகிட்டதான் ரெண்டு சுத்திக்கிட்டு இருக்கு. எனக்கு இங்கேருந்து கேக்குது. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. மயிலாப்பூரில் கொசு கத்துவது ஒருவனுக்குக் கேட்கவில்லை என்றால் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் உடனே முடிவுகட்டிவிட்டாள். நான் சண்டை போட்டேன். அவள் விடவில்லை.

அடையாறில் ஒரு காது டாக்டர். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார் அங்கே இருந்த பெண். "சத்தம் கேக்கறப்பல்லாம் அழுத்துங்க சார்." முதலில் கப்பல் சங்கு மாதிரி அடிச் சத்தங்கள். அழுத்தினேன். இன்னும் கொஞ்சம் உயர்ந்த சத்தங்கள், அழுத்தினேன். அப்புறம் நின்றுவிட்டது. மிஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்து, கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணுக்குக் கை காட்டினேன். அவர் உட்காருங்கள் என்று சைகை செய்துவிட்டு எதையோ திருகிக்கொண்டே இருந்தார். கரண்ட் வரட்டும் என்பது மாதிரி நானும் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கதவைத் திறந்தார்.

"அவ்ளோதான் சார், எழுந்துக்கலாம்."

"மிச்சம் எப்பம்மா போடுவீங்க?"

"எல்லாமே போட்டுட்டேன் சார்" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் ஒரு தாளில் கோடு காட்டினார். பாதி வரை நேராக வந்து அப்புறம் மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கியது. உச்சிச் சத்தங்கள் போய்விட்டன, திரும்ப வராது, நாலைந்து வருடமாகவே போய்க்கொண்டிருந்திருக்கும் என்றார். சத்தத்துக்குப் பக்கத்தில் வேலையா என்று கேட்டார். நான் டைப்பிஸ்ட் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை ரிகர்சல் அறைக்குக் கூட்டிப்போனேன். பெடலில் எனக்குப் பிடித்த மாதிரி குச்சிகளைத் தள்ளிவிட்டு வாசித்தேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "நீயே உனக்கு நல்லா இருக்கற மாதிரி வெச்சுக் குடு" என்றேன். அவள் பயந்து பயந்து ஒவ்வொரு குச்சியாகக் கீழே இறக்கினாள். நடுக்கோட்டுக்கு எல்லாம் வந்து சேர்ந்ததும், "இதாங்க, இதான் அழகா இருக்கு" என்றாள். பெடலே இல்லாமல் வாசித்தால் வரும் சத்தம் அது. மைக் செட்காரரின் ஆம்ப், அவர் செய்தபடி. எனக்கு அது கட்டையில் தட்டுகிற மாதிரிதான் கேட்டது. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டே அழுதேன். அவளும் அழுதாள்.

அண்ணாவிடம் சொன்னேன். "சீசன் முடியற வரைக்கும் வாசிடா, பெடல் வேண்டாம்" என்றார். பெடல் இல்லாமல் நான் என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரியாது, கை பழக்கத்தில் போனது. சீசன் முடிந்தது. என் பிட்டெல்லாம் கீபோர்டுக்குப் போயின. நான் மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளவில்லை.

சைதாப்பேட்டைக்குப் போக எனக்கு அதற்கப்புறம் நாலு மாதம் ஆனது. தினமும் போகலாம் போகலாம் என்று நினைப்பேன், பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு நாள் ஏறிவிட்டேன். மார்க்கெட் பக்கம் விசாரித்ததில், பெட்டி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் விற்றுவிட்டார், ஒரு எலக்ட்ரிக் கடையில் மிக்ஸி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார் என்றார்கள். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தலைமயிர் மாதிரி மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அண்ணே" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். கை நின்றது. "இன்னா சார், இந்தப் பக்கம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆம்ப்மேல் தப்பில்லை, உங்கள்மேல் தப்பில்லை, என் காது என்றேன். மன்னிச்சிடுங்கண்ணே என்றேன். ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது.

"தெரியும் சார்" என்றார்.

"எப்பலேருந்து?"

"பெடலு வர்றதுக்கு ஒரு வருசம் முன்னாடியே. ஸ்பீக்கர் மாத்தி டெஸ்ட் பண்ணசொல்ல, உங்களுக்குத் தெரியாம ட்ரெபிள சுத்தமா எறக்கி உட்டேன். கொஞ்சம் பரவால்லண்ணேன்னீங்க. அப்பவே தெரிஞ்சிக்கினேன்."

அப்போதும் பாருங்கள், எனக்குக் குரல் உயர்ந்தது. "ஏண்ணே எங்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் கையில் இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு தபா வாயெடுத்தேன். ரெண்டு தபாவும் நீ வாசிச்சி முடிச்சிட்டு சிரிச்சிக்கினே எறங்கி வந்தே. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? வாய மூடிக்கினேன். சொல்லியிருந்தா உன் காதாவது மிஞ்சியிருக்கும். என் பொட்டிங்க எங்கிட்டயே இருந்திருக்கும்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார் என்று அவர் சொல்லவில்லை. கையில் இருந்த காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தினி சுத்து சுத்தினேன்னு எண்ணிக்கை உட்டுப்போச்சு" என்றார். "பூராத்தையும் பிரிச்சி மொதல்லேருந்து சுத்தணும். நீ கெளம்பு சார்."

கம்பியின் முனையைத் தேடி எடுத்து, அவர் பிரிக்க ஆரம்பித்தார்.